டிரில் மாஸ்டரின் நாலு வரி

மலைமேல் வாத்தியார் வேலைக்குப் போயிருக்கும் என் மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுதச் சோம்பல்படுகிறவன் நானில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை மூன்று நாள் அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். "எடுக்கதும் வாசிக்கதும் வைக்கதுமா, அப்பிடி என்னத்த எழுதியிருக்கான்?" என்று உன் அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நீ கேட்டிருப்பது நல்ல கேள்விதான். நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. அதற்குள் கீரிப்பாறைக்கு மேலே இருக்கிற உன் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் தினமும் காலையில் வரிசையில் நின்று தேசத்துக்கு உறுதிமொழி சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று பேச்சு வந்திருக்கிறது. உன் ஹெட்மாஸ்டர் வேண்டும் என்கிறார். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தகப்பன்மார் இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். புதிதாய்ப் போன நீ எந்தப் பக்கம் பேசுவது என்று என்னிடம் கேட்கிறாய். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாயே, "சாருக்கும் இதையே எழுதிக் கேட்டிருக்கிறேன்" என்று, அந்த வரிதான் என்னை எழுத விடவில்லை.

சார் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எந்தச் சார் என்று நான் கேட்க வேண்டியதே இல்லை. நானும் நீ படித்த பள்ளிக்கூடத்தில் சார்தான். என் வகுப்பில் உட்கார்ந்து நீயும் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டாய். ஆனாலும் வீட்டில் உன் வாயிலிருந்து 'சார்' என்று வந்தால் அது ஒருநாளும் நானாக இருந்ததில்லை. அந்த டிரில் மாஸ்டர்தான். அவர் ஊரைவிட்டுப் போய் ஏழு வருடம் ஆகிறது. உனக்கு அவர் விலாசம் எப்படித் தெரியும் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அவன் ஏழு வருசமா எழுதுகான். நாந்தான் கார்டு வாங்கிக் குடுப்பேன்." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிடுவீங்கன்னுதான்," என்றாள். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது உள்ளதுதான்.

பொறாமை, மக்கா. இந்த வயதில் பெற்ற பிள்ளைக்கு எழுதக் கூசுகிற சொல். எழுதிவிட்டேன், இனி மீதியை எழுதுவது சுலபம். உன் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த ஏழு வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்லாமல் முடியாது. உனக்குத் தெரிந்த கதைதான் என்று நினைப்பாய். உனக்குப் பாதிதான் தெரியும். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம், உன் ஹெட்மாஸ்டரிடம், அந்தத் தகப்பன்மாரிடம், எல்லாரிடமும். அவரிடமும் காட்டலாம். காட்டுவாய் என்று எனக்குத் தெரியும்.

நீ சின்ன வகுப்பில் இருந்த காலத்தில் காலை வணக்கம் என்றால் மகாராஜாவை வாழ்த்திப் பாடுவது. நானும் முன்வரிசையில் நின்று தொண்டை நரம்பு புடைக்கப் பாடியிருக்கிறேன். பிறகு மகாராஜா ஆட்சி போய், திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, அந்தப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். காலையில் மணி அடித்ததும் பிள்ளைகள் மைதானத்தில் வந்து நிற்கும். பாட ஒன்றும் இல்லை. சும்மா நின்றுவிட்டு வகுப்புக்குப் போகும். ஹெட்மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. "பிள்ளேள் எருமை மாடு நிக்க மாதிரி நிக்குது. தேசத்துக்குன்னு ஒரு உறுதிமொழி வேணும். நாமளே எழுதுவோம்," என்றார். எழுதுவது யார்? தமிழ் வாத்தியார் நான் இருக்கும்போது வேறு யார்? அப்படித்தான் நான் நினைத்தேன். ஹெட்மாஸ்டரும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தார்.

பதினோரு நாள் உட்கார்ந்து எழுதினேன். உனக்கு ஓர்மை இருக்குமோ என்னவோ, அந்தப் பதினோரு நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது என்று வைத்திருந்தேன். இமயமும் குமரியும் வந்தன, வீரர்கள் வந்தார்கள், நதிகள் வந்தன, எல்லாம் ஒரே வாக்கியத்தில். முதல் சொல்லுக்கும் முடிக்கிற சொல்லுக்கும் நடுவில் ஒரு பிள்ளை மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டும். ஹெட்மாஸ்டர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். "ஓய், வல்லாத்த எழுத்தாக்கும், அசந்துபோனேன். ஆனா ஒரு சந்தேகம். இது பிள்ளேள் சொல்லுகதுக்கா, கல்லுல வெட்டுகதுக்கா?" என்றார். ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிய எரியச் சிரிப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். பர்மா வரை போய் வந்த பட்டாளத்துக்காரர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலையும் தற்காலிகம்தான். கழுத்தில் ஒரு விசில், காலில் தேய்ந்த பூட்ஸ். அறையில் அவருக்கு நாற்காலி போடவில்லை, கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "பிள்ளேளுக்கு வாயில நிக்கணும் சார். நாலு வரி போதாதா?" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் நாலு வரி எழுதினார். எழுத்தில் அழகு கிடையாது. இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை. நான் எழுந்து போய் அந்த இரண்டு ஒற்றையும் திருத்தினேன். அந்த நாலு வரியில் என்னுடையது அது மட்டும்தான். நாலு வரியையும் சொல்லி முடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து "இது சத்தியம்!" என்று சொல்ல வேண்டும் என்றார். ஹெட்மாஸ்டர் மேஜையைத் தட்டி, "கொள்ளாம், இதுதான் வேணும்!" என்றார். என் பதினோரு நாளும் அதோடு முடிந்தது.

முன்னால் நின்று வரி வரியாகச் சொல்லிக் கொடுக்க ஒரு பிள்ளை வேண்டும். நீ ஃபர்ஸ்ட் பாரம் வகுப்பில் இருந்தாய். குரல் கணீரென்று இருக்கிறது என்று அவர் உன்னைத் தேர்ந்தெடுத்தார். அவர் வரியை, என் பிள்ளையின் வாயால், தினமும் காலையில் ஒன்பதே முக்காலுக்கு நான் கேட்க வேண்டும். வரிசையின் ஓரத்தில் ஆசிரியர்களோடு நிற்பேன். நீ ஒரு வரி சொல்வாய், முந்நூறு பிள்ளைகள் திருப்பிச் சொல்லும், கடைசியில் "இது சத்தியம்" என்று ஒரு சத்தம். வடசேரிச் சந்தையில் வாழையிலை விற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். என்னோடு நின்ற கணக்கு வாத்தியார், "உம்ம மகன் என்னமா சொல்லுகான் ஓய்!" என்று முழங்கையால் இடிப்பார். உன்னைப் பார்த்துப் பெருமைப்படுவதா, அந்த வரியைக் கேட்டு எரிவதா என்று தெரியாமல் தினமும் கால் மணி நேரம் நின்றிருக்கிறேன்.

அதோடு விட்டதா? நீ அவரைப் போல நடக்க ஆரம்பித்தாய். கையைப் பின்னால் கட்டினாய். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே என்று நான் சொன்னால், "குடிக்கலாம்னு சார் சொன்னாரு," என்பாய். சீக்கிரம் எழுந்திரு என்று நான் சொன்ன நாளெல்லாம் எழுந்திருக்காதவன், சார் சொன்னார் என்று அஞ்சு மணிக்கு எழுந்து முற்றத்தில் குதித்தாய். ஒருநாள் நான் உனக்கு இலக்கணத்தில் ஒரு கேள்வி கேட்டேன். "எனக்குத் தெரியாதுப்பா," என்று நிமிர்ந்து நின்று சொன்னாய். அதுவும் அவருடைய நாலாவது வரி. தெரியாது என்று சொல்வதில் இவ்வளவு கம்பீரம் என்னத்துக்கு என்று எனக்கு ஆத்திரம் வந்தது. உன் அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம பிள்ளைய நாலு பேருக்குப் பிடிச்சா நமக்கு நல்லதுதானே? ஏன் கெடந்து வேகுதீங்க?" என்றாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது," என்று எழுந்து போனேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இனி உனக்குத் தெரியாத பாதி. ஒரு புதன்கிழமை சாயங்காலம் வடசேரியில் காய்கறி வாங்கப் போனேன். சேனைக்கிழங்கு விற்கிற அண்ணாச்சியின் மகன் உன் வகுப்பு. கிழங்கை நிறுத்துக்கொண்டே அவர் சொன்னார், "நம்ம பய இப்ப வீட்டுலயும் சத்தியம் சத்தியம்னு ஒரே சத்தம் சாரே. கேக்கதுக்கு நல்லாருக்கு." எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னேன்: "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா சத்தியம்னா வெளையாட்டா? பொய் சொல்லாத பிள்ளை உலகத்துல உண்டுமா? தெனமும் காலையில சத்தியம் பண்ணி, தெனமும் சாயங்காலம் மீறினா..." மேலே சொல்லவில்லை. இழுத்து விட்டுவிட்டேன். தராசு அவர் கையில் அப்படியே நின்றது. நம் ஊரில் சத்தியம் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளை ஆத்திரத்தில் 'அம்மையாண' என்று சொல்லிவிட்டால் பெற்றவள் அதன் வாயிலேயே ஒன்று போடுவாள். கோயில் நடையில் கற்பூரத்தை அணைத்துச் சொன்ன சொல் மீறினால் குடும்பத்தில் விளக்கு எரியாது என்று நம்புகிற ஊர். அதை நம்பாதவன் நான். நம்புகிறவர்களிடம் போய் அதைத்தான் எடுத்து நீட்டினேன்.

பத்து நாள்தான் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. பங்குனியில் யாருக்குத்தான் போடாது? சத்தியம் மீறினதால்தான் என்று அதன் அம்மா சொன்னாளாம். இன்னொருத்தி தன் பிள்ளையை 'இது சத்தியம்' வரும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்ளச் சொன்னாளாம். கோட்டாற்றில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவர், தன் பிள்ளையைக் கூப்பிட வந்தவர், என்னிடம் நின்று பேசினார். "ஒங்க வேதத்துலயே சத்தியம் பண்ணாண்டாம்னு இருக்குல்லா?" என்று அவரிடமும் சொன்னேன், எனக்கு என்னவோ அவர் வேதத்தின்மேல் அக்கறை இருக்கிற மாதிரி. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூடத்தை நடத்துகிற மானேஜருக்கு மனு கொடுத்தார்கள். அந்த மனுவின் தமிழ் ரொம்ப நன்றாக இருந்தது. ஹெட்மாஸ்டர் அதை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மானேஜர் சனிக்கிழமை விசாரிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "நாளைக்கு ஒன்னையத்தான் முதல்ல கேப்பாங்க. சொல்லலேன்னா சார் அடிப்பாருன்னு சொல்லு. ஒரு வார்த்தை போதும்," என்றேன். நீ என்னையே பார்த்தாய். "அவரு அடிச்சதே இல்லியே?" என்றாய். "அது எனக்குத் தெரியும். நீ சொல்லு." அப்போது நீ கேட்டாயே ஒரு கேள்வி: "பயந்து பொய் சொல்ல மாட்டேன்னுல்லா தெனமும் நான் சொல்லுகேன்?" அதற்கு நான் சொன்ன பதிலை இந்த ஏழு வருடத்தில் ஒருநாளாவது நினைக்காமல் இருந்ததில்லை. "இது பயந்து சொல்லுகது இல்ல. அப்பா சொல்லிச் சொல்லுகது." சொல்லும்போது என் கை உன் தோளில் இருந்தது. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய உன் அம்மா, இது என்ன தடம் என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

மானேஜர் முன்னால் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன், மக்கா. அர்த்தம் தெரியாத வயதுப் பிள்ளையிடம் வாக்கு வாங்கலாமா என்று கேட்டேன். நேற்றுவரை மகாராஜாவைப் பாடிய வாய் இன்றைக்கு இதைச் சொல்கிறது, நாளைக்கு வேறொரு ஆட்சி வந்து வேறொன்றைச் சொல்லச் சொன்னால் பிள்ளைக்குச் சொல்லின்மேல் என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்டேன். நாட்டின்மேல் பிரியம் சத்தம் போட்டு வருமா என்றும் கேட்டேன். சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இன்றைக்கும் அதையெல்லாம் நான் மறுக்க மாட்டேன். சொன்ன வாய்தான் சரியில்லை. மானேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் சாரே. அடிச்சுச் சொல்ல வச்சாரா இல்லியா? எனக்கு அது தெரிஞ்சாப் போதும். ஒம்ம மகனையே கூப்பிடும். வாத்தியார் பிள்ளை பொய் சொல்லாது," என்றார்.

நீ வந்து நின்றாய். என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய். முந்நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த குரல் எங்கே போயிற்றோ, தரையைப் பார்த்து, "சொல்லலேன்னா அடிப்பாரு," என்றாய். மானேஜர் அவர் பக்கம் திரும்பி, "உள்ளதா வேய்?" என்றார். இல்லை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வெளியே நாற்பது பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்; யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் அவர் கை நீட்டியதே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவருக்கும் அது தெரியும். நீ பொய் சொன்னாய் என்று ஊர் முன்னால் ஆகிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். உன்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். "பிள்ளை சொல்லிட்டானே சார். பின்ன எனக்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்று சொல்லி, கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். வேலையை விட்டு அவரைத் துரத்தியவன் நான். அந்த அறையில் உன்னைக் காப்பாற்றியது அவர். நான் செய்திருக்க வேண்டியதை அவர் செய்துவிட்டார் என்று அந்த நிமிடத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது, வெட்கம்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

திங்கட்கிழமை காலையில் நீ பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் பின்னாலேயே வந்தேன். வடசேரியில் திருநெல்வேலி பஸ் பக்கத்தில் அவர் ஒரு தகரப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் வாழைக்குலை அடுக்கியிருந்த கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், பள்ளிக்கூடத்து வாத்தியார், திருடன் மாதிரி. நீ அவர் முன்னால் நின்று ஏங்கி ஏங்கி அழுதாய். என் முன்னால் நீ அப்படி அழுததே இல்லை. அவர் குனிந்து உன் காதில் ஏதோ சொன்னார். நீ சிரித்தாய். கண்ணீரோடு சிரித்தாய். பஸ் போனபிறகும் சிரித்த முகத்தோடு நின்றாய். "என்ன சாரே, குலை வேணுமா?" என்று கடைக்காரர் கேட்டார். ஒரு ஏத்தன் குலையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "வீட்டுல நாலு வாழை காச்சு நிக்கி. இது என்னத்துக்கு?" என்று உன் அம்மா கேட்டாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி கிடையாது. பிள்ளைகள் பழையபடி சும்மா நின்றுவிட்டு வகுப்புக்குப் போயின. நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் வீட்டில் என்ன நடந்தது? நீ அதற்கப்புறம் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய எதையும் சொன்னதுமில்லை. கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்பதைக்கூட உன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். ஊரில் எல்லாரும் அப்பனைப் பார்த்துப் பிள்ளையும் வாத்தியார் ஆகிவிட்டான் என்று சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்கிறேன். யாரைப் பார்த்து ஆனாய் என்று நமக்குத் தெரியும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். சொல்ல வைக்கலாமா, கூடாதா? அன்றைக்கு மானேஜர் முன்னால் நான் சொன்ன காரணங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. நம் கண் முன்னாலேயே ஒன்பது வருடத்தில் மூன்று ஆட்சி மாறியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாழ்த்து. அதனால் சொல்ல வைக்காதே என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த நாலு வரியைச் சொன்ன ஒரு பிள்ளை கிணற்றடியில் பெற்றவனை நிமிர்ந்து பார்த்து, நான் தினமும் சொல்கிறேனே என்று கேட்டதை நான் பார்த்தேன். யாரும் சொல்ல வைக்கவில்லை என்றால் அந்தக் கேள்வி உன்னிடம் வந்திருக்குமா? எனக்குத் தெரியாது. பார், தெரியாது என்று சொல்லவும் அவருடைய வரிதான் எனக்கு வேண்டியிருக்கிறது, சவம்!

எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். சொல்லட்டும், சத்தியம் மட்டும் வேண்டாம். அந்தக் கடைசிச் சத்தம்தான் பெற்றவர்களைப் பயமுறுத்தியது, அதில் நான் பாதி உண்மை சொன்னேன். வாயைத் திறக்காமல் நிற்கிற பிள்ளை இருந்தால் நிற்கட்டும், அதைப் பிடித்து முன்னால் இழுக்காதே. வேண்டாம் என்று வந்த அந்தத் தகப்பன்மாரை மனுப் போடுகிறவர்கள் என்று ஒதுக்காதே; அவர்கள் என்னைப் போல வேறு காரணத்தை மறைத்துக்கொண்டு வந்தவர்களாக இருக்க மாட்டார்கள். அப்புறம், வாத்தியார்கள் ஓரத்தில் நிற்கக் கூடாது. பிள்ளைகளோடு வரிசையில் நின்று அவர்களும் சொல்ல வேண்டும். நான் ஒருநாளும் சொல்லவில்லை, உதட்டைக்கூட அசைக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன்னைக் கூட்டிக்கொண்டு போக எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கும். சொன்ன சொல்லை மீறி ஒரு பிள்ளை உன் முன்னால் தலைகுனிந்து நின்றால், அதை ஒன்றும் கேட்காதே. அதன் தோளில் யாருடைய கை இருந்தது என்று பார்.

பஸ் பக்கத்தில் அவர் உன் காதில் என்ன சொன்னார் என்று கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஏழு வருடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். ஆனால் எழுதாதே, நேரில் வந்து சொல். தை மாதம் லீவு கிடைக்குமா? உன் அம்மா ஏத்தங்காய் வறுத்து வைப்பாள். சொல்ல மனம் வரவில்லை என்றால் சொல்ல வேண்டாம், வந்தால் போதும்.

இந்த மூன்று நாளில் ஒரு காரியம் செய்தேன். நான் எழுதிய உறுதிமொழியை உனக்கு அனுப்பலாம் என்று பரணில் ஏறிப் பெட்டி முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. மனத்திலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இமயம் என்று தொடங்கும். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. பதினோரு நாள் எழுதியது. அப்புறம் பேனாவை எடுத்து அவருடையதை எழுத ஆரம்பித்தேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. உன் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டுகிற மாதிரி, என் கையெழுத்து எவ்வளவு அழகாக வருமோ அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன். ஒற்றுப் பிழை இல்லை.

இது என் நாடு. இதில் உள்ள எல்லாரும் என் ஆட்கள்.
பயந்து பொய் சொல்ல மாட்டேன்.
என்னைவிட எளியவனை அடிக்க மாட்டேன்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன்.

இந்தக் கடிதம் முழுக்க நான் அவர் பெயரை எழுதவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அந்த நாலு வரிக்குக் கீழே ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். மூன்று தடவை பேனாவை வைத்துப் பார்த்தேன், கை வரவில்லை. நீ எழுதிக்கொள், மக்கா.

அப்பா